கணக்கு சரி, துணி உள்ளே

அறுவையின்போது வயிற்றுக்குள் பொருள் விடுபடும் பேச்சை எடுத்தாலே திருவள்ளூர் மாவட்டத்தில் திருத்தணிதான் முதலில் வரும். 2008-ல் திருத்தணி அரசு மருத்துவமனையில் சிசேரியன் செய்துகொண்ட ஒரு பெண் அதன்பின் ஓயாத வயிற்று வலியோடு அலைந்தார் என்றும், பன்னிரண்டு ஆண்டு கழித்துத்தான் வயிற்றில் கத்தரிக்கோல் கிடப்பது தெரிந்தது என்றும் அவருடைய குடும்பம் புகார் சொன்னது. செய்தி வந்த நாட்களில் செவ்வாப்பேட்டை ரயிலடியிலும் டீக்கடையிலும் பேச்சு எப்படி ஓடியிருக்கும் என்று யாரும் ஊகிக்கலாம். "வயித்துல கத்திரிக்கோலை வச்சுத் தச்சிட்டாங்களாம்." அதற்கு அடுத்த வாக்கியம் எப்போதும் ஒன்றுதான்: "எந்த டாக்டர்?"

நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியோடு விசாரணை முடிந்துவிடுவதால்தான் இந்தத் தவறு இத்தனை காலமாக உயிரோடு இருக்கிறது என்று நினைக்கிறேன். அறுவை அரங்கில் யாரும் ஒரு பொருளை 'மறந்துவிட்டு' வருவதில்லை. எல்லாம் வெளியே வந்துவிட்டது என்று நம்பித்தான் தைக்கிறார்கள். அந்த நம்பிக்கையைக் கொடுப்பது ஒரு எண்ணிக்கை. அந்த எண்ணிக்கை எப்படிப் பொய்க்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கத்தரிக்கோல் செய்தியாகும், துணி செய்தியாகாது. உண்மையில் உள்ளே தங்கிப்போகும் பொருள்களில் பெரும்பங்கு துணிதான். அரங்கில் அதை 'மாப்' என்பார்கள். பல மடிப்பாகத் தைத்த காஸ் துணி, கிட்டத்தட்ட ஒரு அடிச் சதுரம், ஒரு மூலையில் வால்போல நாடா. உலர்ந்திருக்கும்போது வெள்ளை வெளேரென்று யார் கண்ணுக்கும் தெரியும். குடலை ஒதுக்கிப் பிடிக்கவும் ரத்தத்தை ஒற்றவும் வயிற்றுக்குள் போன இரண்டாவது நிமிடம் அதன் நிறம் போய்விடும். ரத்தத்தில் ஊறிய மாப் கைப்பிடிக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்கி, குடலுக்கும் கொழுப்புக்கும் நடுவே, பக்கத்துச் சதையின் நிறத்திலேயே படுத்துக்கொள்ளும். கையால் தடவினாலும் குடல் மடிப்புக்கும் அதற்கும் வித்தியாசம் சட்டென்று பிடிபடாது. நாடாவின் நுனியில் ஒரு கிளிப்பை மாட்டி வெளியே தொங்கவிடுவது பழைய பழக்கம். அவசரத்தில் முதலில் விடுபடுவதும் அந்தக் கிளிப்தான்.

உள்ளே மாட்டிய பஞ்சுத் துணியை உடம்பு இரண்டு வழியில் எதிர்கொள்ளும். ஒன்று, சீழ் பிடிப்பது: காய்ச்சல், ஆறாத தையல், தொப்புளுக்குப் பக்கத்தில் ஒழுகும் துளை. இது சில நாளிலோ சில வாரத்திலோ தெரிந்துவிடும்; அந்த வகையில் இதை நல்ல வழி என்றுகூடச் சொல்லலாம். மற்றது, கிருமி இல்லாத துணியைச் சுற்றி உடம்பே நார் உறை கட்டிவிடுவது. குடல் அதோடு ஒட்டிக்கொள்ளும். மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், மந்தமான வலியைத் தவிர ஒன்றும் இருக்காது. பிறகு ஸ்கேனில் ஒரு கட்டி தெரியும். புற்றுநோயாக இருக்குமோ என்ற பயத்தில் திறந்து பார்த்தால் உள்ளே மடித்த துணி. அரிதாக, துணி குடல் சுவரையே அரித்துக்கொண்டு குடலுக்குள் இறங்கி அடைப்பை உண்டாக்கிய நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் உண்டு. இத்தகைய நிகழ்வு முதன்முதலில் 1884-லேயே எழுதப்பட்டுவிட்டது.

சுகப்பிரசவத்திலும் இது நடக்கும். தையல் போடும்போது ரத்தம் மறைக்காமலிருக்கப் பிறப்புறுப்புக்குள் வைக்கும் காஸ் அங்கேயே தங்கிப்போவது உலகம் முழுக்க மகப்பேறு பிரிவுகளில் அடிக்கடி பதிவாகும் தவறு. நாற்றமும் காய்ச்சலும் வந்தாலும் நம் வீடுகளில் அதைப் பிள்ளைபெற்ற உடம்பின் இயல்பு என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள், பத்தியத்தைக் கூட்டுவார்கள். மருமகள் வாய் திறந்து சொல்ல வெட்கப்படுவாள். பத்து நாள் கழித்து ஒரு சிஸ்டர் பரிசோதிக்கும்போது துணி கையோடு வரும். இது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

எத்தனை பேருக்கு நடக்கிறது? இந்தியாவுக்கென்று நம்பத்தக்க எண் கிடையாது. தனித்தனி நோயாளிகளைப் பற்றிய மருத்துவக் குறிப்புகளும், நீதிமன்றம் வரை வந்த வழக்குகளும்தான் இருக்கின்றன. வெளியே நல்ல கணக்கு எடுத்தவர்களில் முக்கியமானவர் பாஸ்டன் அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே. அவரும் அவர் குழுவும் மாசசூசெட்ஸில் 1985 முதல் 2001 வரை வந்த இழப்பீட்டுக் கோரிக்கைகளைத் தோண்டி, 54 நோயாளிகளின் உடலில் விடுபட்ட 61 பொருள்களை ஆராய்ந்து 2003-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்டார்கள். 69 சதவீதம் துணி, மீதி கருவிகள். அவசர அறுவையில் இந்த ஆபத்து ஏறத்தாழ 9 மடங்கு. போட்ட திட்டம் நடுவில் மாறும் அறுவையில் 4 மடங்கு. நோயாளி பருமனாக இருந்தாலும் ஆபத்து கூடுகிறது. ரத்தம் எவ்வளவு போனது, மருத்துவர் எத்தனை மணி நேரம் நின்றார் என்பதையெல்லாம்விட இந்த மூன்றும்தான் கனமாக நின்றன.

அந்த ஆய்வில் என்னை நிறுத்தி வைத்தது வேறொரு எண். எண்ணிக்கை எடுக்கப்பட்டும் பொருள் உள்ளே தங்கிய அறுவைகளில் 88 சதவீதத்தில், 'கணக்கு சரி' என்றே எழுதப்பட்டிருந்தது. அமெரிக்காவின் மாயோ கிளினிக் 2003 முதல் 2006 வரையிலான தன் அறுவைகளை அலசியபோது சராசரியாக 5,500 அறுவைக்கு ஒன்று என்று கிடைத்தது. அங்கும் பொருள் உள்ளே இருந்தவற்றில் 62 சதவீதத்தில் கணக்கு சரிதான். அதாவது, கணக்கு உதைத்தும் மருத்துவர் தைத்துவிட்ட கதை குறைவு. கணக்கு சரியாக வந்ததால் யாரும் தேடவில்லை என்பதே வழக்கமான கதை.

எண்ணுவதில் அப்படி என்ன தவற முடியும்? சிசேரியன் அரங்கைக் கிட்டத்தில் நின்று பார்த்தால் புரியும். மாப்கள் ஐந்து ஐந்தாகக் கட்டி வரும். கட்டைப் பிரித்து, ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதை ஒவ்வொன்றாக இழுத்து விரித்து, கையுறை போட்ட ஸ்கிரப் நர்ஸும் வெளியே நிற்கும் சிஸ்டரும் சேர்ந்து வாய்விட்டு எண்ண வேண்டும். எண்ணியதைச் சுவரிலுள்ள பலகையில் எழுத வேண்டும். ஒரு கட்டில் நான்கோ ஆறோ இருந்தால் அந்தக் கட்டையே ஒதுக்கிவிட வேண்டும். கருப்பையை மூடுமுன் ஒரு எண்ணிக்கை, வயிற்றை மூடுமுன் ஒன்று, தோல் தைக்கும்போது ஒன்று. நனைந்த மாப்கள் தரையில் உள்ள வாளியில் கும்பலாகக் கிடக்கக் கூடாது. அறை அறையாகத் தைத்த பிளாஸ்டிக் பையில் ஒன்றுக்கு ஓர் அறையாகத் தொங்க வேண்டும். அப்போதுதான் காலியான அறை கண்ணில் படும்.

இப்போது இரவு இரண்டு மணிக்கு, குழந்தை வந்தபின் கருப்பை சுருங்காமல் ரத்தம் கொட்டும் அரங்கை நினைத்துப் பாருங்கள். மூன்றாவது கட்டு பிரிக்கப்படுகிறது. வெளியே நிற்க வேண்டிய சிஸ்டர் ரத்த வங்கிக்கு ஓடியிருக்கிறார். புதுக் கட்டை யாரோ ஒருவர் பிரித்துக் கொடுக்கிறார், பலகையில் எழுதப்படவில்லை. வாளியில் கிடப்பவற்றைக் காலால் தள்ளிப் பார்த்து எண்ணுகிறார்கள். ரத்தத்தில் ஒட்டிய இரண்டு ஒன்றாகவும், மடிந்த ஒன்று இரண்டாகவும் தெரியும். பதினைந்து வர வேண்டிய இடத்தில் பதினைந்து வருகிறது. "கவுண்ட் கரெக்ட் சார்." அந்தக் குரலில் பொய் இல்லை.

இதோடு நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் சேரும். சிறிய நர்சிங் ஹோம்கள் பலவற்றில் மாப் கம்பெனிப் பொட்டலத்தில் வருவதில்லை. காஸ் துணி பெரிய சுருளாக வரும். ஓய்வு நேரத்தில் ஆயாவோ சிஸ்டரோ வெட்டி மடித்துத் தைத்து, டிரம்மில் போட்டு ஆட்டோகிளேவ் செய்வார்கள். ஒரு டிரம்மில் எத்தனை என்பது அன்றைக்கு யார் மடித்தார் என்பதைப் பொறுத்தது. தொடக்க எண்ணே தெரியாத இடத்தில் கடைசி எண்ணிக்கைக்கு என்ன பொருள்?

தமிழ்நாட்டுக்கு இது ஏதோ ஓரத்துப் பிரச்சினை இல்லை. 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கு 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன், தனியாரில் 63.8, அரசில் 36. அதற்கு முந்தைய சுற்றில் மொத்தமே 34.1 சதவீதம்தான். வேறு எந்தக் காரணத்தையும்விடச் சிசேரியனுக்காகத்தான் இளம் பெண்களின் வயிறு இங்கே திறக்கப்படுகிறது; அதில் கணிசமானவை அவசர அறுவைகள். கவாண்டே சொன்ன 9 மடங்கை இதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டும்.

எண்ணவே தோன்றாத பொருள்களும் உண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்து மருத்துவமனையில் 2020-ல் சிசேரியன் செய்துகொண்ட ஒரு பெண்ணின் வயிற்றில், வெட்டை விரித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையக் கருவி ஒன்று தங்கிவிட்டது. சாப்பாட்டுத் தட்டு அளவு. வலி என்று பலமுறை மருத்துவரிடம் போனார். அது எக்ஸ்ரேயில் தெரியாத பொருள். 18 மாதம் கழித்து சி.டி. ஸ்கேனில்தான் சிக்கியது. இவ்வளவு பெரியது எப்படித் தவறியது? பாதி வளையம் எப்போதும் உடம்புக்கு வெளியே நிற்கும் கருவி என்பதால் அதை எண்ணும் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. பட்டியலில் உள்ளவை அனைத்தும் சரியாக இருந்தன. 2023-ல் அங்குள்ள சுகாதார ஆணையர் கொடுத்த அறிக்கை, நோயாளியின் உரிமை மீறப்பட்டது என்று மருத்துவமனை நிர்வாகத்தைப் பொறுப்பாக்கியது.

பரிகாரம் என்று உலகம் கையில் எடுத்தது ஒரு தாள். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட 19 அம்சப் பாதுகாப்புப் பட்டியல் அது. அதன் பின்னணியிலும் கவாண்டே இருந்தார். டெல்லி உட்பட எட்டு நகர மருத்துவமனைகளில் சோதித்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள்: அறுவைக்குப் பிந்தைய மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11-லிருந்து 7 ஆகவும் குறைந்தன. நோயாளி அரங்கை விட்டு வெளியேறுமுன் கருவி, துணி, ஊசிக் கணக்கை நர்ஸ் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அதன் கடைசிப் பகுதியில் வருகிறது. இன்று தரச்சான்று வாங்கிய எந்த மருத்துவமனைக்குப் போனாலும் நோயாளிக் கோப்பில் இந்தத் தாள் இருக்கும், எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்திருக்கும். அந்த டிக் எப்போது போடப்பட்டது என்பதைத் தாள் சொல்லாது. மொத்தக் கோப்பையும் ஷிஃப்ட் முடியும்போது உட்கார்ந்து நிரப்புவது எங்கும் காணும் பழக்கம்.

தாளைவிடப் பெரிய தடை, அரங்கின் மேல்கீழ். பயிற்சி முடித்து ஆறு மாதமான சிஸ்டர், இருபது வருட அனுபவமுள்ள மருத்துவரிடம் "ஒண்ணு குறையுது சார், தைக்காதீங்க" என்று சொல்ல வேண்டும். அடுத்த நோயாளி வெளியே ஸ்ட்ரெச்சரில் காத்திருக்கிறார், மயக்க மருத்துவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். "நல்லாப் பாரும்மா, கீழ கிடக்கும்" என்று ஒரு அதட்டல் வந்தால் இரண்டாவது எண்ணிக்கை எப்படியோ சரியாக வந்துவிடும். அதட்டல் என்று ஒன்று வேண்டியதுகூட இல்லை. வரும் என்ற பயமே போதும். கணக்கு உதைத்தால் தையலை நிறுத்தி, தேடி, அப்போதும் கிடைக்காவிட்டால் மேசையிலேயே எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பது விதி. துணியில் பேரியம் கலந்த நூல் ஓடினால்தான் எக்ஸ்ரே அதைக் காட்டும். வெறும் காஸ் படத்தில் தெரியாது. இரவில் எக்ஸ்ரே டெக்னீஷியன் இல்லாத மருத்துவமனையில் நூல் இருந்தும் பயனில்லை.

இந்த நூலைப் பற்றிப் பேசும்போது ராஜபாளையத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பக்கத்துச் சத்திரப்பட்டி வட்டாரத்து விசைத்தறிகளில் ஓடும் பேண்டேஜ் துணியும் காஸும்தான் நாடெங்கும் மருத்துவமனைகளுக்குப் போகின்றன. எக்ஸ்ரேயில் தெரியும் நூலைச் சேர்ப்பது பெரிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை. வாங்குகிறவர் கேட்க வேண்டும், கூடும் விலையைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு மாப்பிலும் பார்கோடு, ரேடியோ அலைச் சிப் என்று வசதியான நாடுகள் போய்விட்டன. நோயாளி மேல் ஒரு கருவியை ஆட்டினால் உள்ளே துணி இருந்தால் ஒலிக்கும். நமக்கு அதுவரை போக வேண்டாம். ஐந்து ஐந்தாக இயந்திரத்தில் கட்டிய, நூல் ஓடிய மாப்பைத் தவிர வேறு எதையும் வயிற்றுக்குள் வைக்கக் கூடாது என்று அரசு கொள்முதலிலும் தனியார் மருத்துவமனை உரிமத்திலும் ஒரு வரி இருந்தால், சிப் இல்லாமலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

பொருள் கண்டுபிடிக்கப்பட்டாலும், அது எந்த அறுவையில் போனது என்பதை நிறுவுவது தனிப் போராட்டம். கோழிக்கோடு அதற்குச் சாட்சி. 2017 நவம்பரில் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்றாவது சிசேரியன் செய்துகொண்ட ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து 2022 செப்டம்பரில் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் என்ற உலோக இடுக்கி எடுக்கப்பட்டது. முந்தைய இரண்டு பிரசவ அறுவைகள் வேறு மருத்துவமனையில் நடந்தவை. எனவே எங்களுடையது என்று எப்படிச் சொல்ல முடியும் என்ற வாதம் எழுந்தது. மருத்துவக் குழுவும் உறுதியாகச் சொல்லவில்லை. அவர் மருத்துவமனை வாசலிலேயே நூறு நாளுக்கு மேல் போராட்டம் நடத்தினார். முடிச்சை அவிழ்த்தது போலீஸ் விசாரணையில் கிடைத்த ஒரு பழைய எம்.ஆர்.ஐ. ஸ்கேன். 2017 ஜனவரியில், மூன்றாவது பிரசவத்துக்கு முன், வேறு காரணத்துக்காக எடுத்தது. அதில் உலோகம் எதுவும் இல்லை. அப்படியானால் அதற்குப் பிறகு நடந்த அறுவையில்தான் உள்ளே போயிருக்க முடியும். 2023 இறுதியில் இரண்டு மருத்துவர்கள், இரண்டு நர்ஸ்கள் மேல் குற்றப்பத்திரிகை தாக்கலானது.

அந்த ஸ்கேன் கிடைத்தது தற்செயல். செவ்வாப்பேட்டை, வேப்பம்பட்டு, புட்லூர்ப் பக்கம் ஒரு குடும்பத்தின் மருத்துவ வரலாற்றை விரித்துப் பாருங்கள்: முதல் பிரசவம் தாய்வீட்டு ஊரில், இரண்டாவது திருவள்ளூரில், குடும்பக் கட்டுப்பாடு எழும்பூரில், கல் என்று ஒரு அறுவை திருநின்றவூர் நர்சிங் ஹோமில். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளி இங்கே வயிறு திறந்துகொண்டு, வலி வரும்போது வெகு தொலைவில் சொந்த ஊரில் இருப்பார். டிஸ்சார்ஜ் சம்மரி பிளாஸ்டிக் பையோடு வாடகை வீட்டிலேயே போயிருக்கும். மழை வெள்ளத்தில் போனவையும் உண்டு.

தவறைத் தெரிவிப்பதற்கும் வழி வேண்டும். இங்கிலாந்தில் இது 'ஒருபோதும் நடக்கக் கூடாதவை' என்ற பட்டியலில் இருக்கிறது. நடந்தால் மருத்துவமனை கட்டாயம் தெரிவிக்க வேண்டும், எண்கள் பொதுவெளியில் வெளியாகும். இந்தியாவில் மத்திய சுகாதார அமைச்சகம் 2018–2025 காலத்துக்கு ஒரு தேசிய நோயாளி பாதுகாப்புச் செயல்திட்டத்தை அறிவித்தது. தவறுகளைப் பதியும் முறை வேண்டும் என்பதும் அதில் இருந்தது. கிடைத்த எண் எங்கே என்று தேடினால் ஒன்றுமில்லை. ஒரு நர்ஸ் தானாக முன்வந்து "கணக்கில் சந்தேகம் இருந்தது" என்று எழுதிக் கொடுத்தால் அவருக்கு என்ன கிடைக்கும்? மெமோதான். யார் எழுதுவார்கள்?

ஆக, எல்லாச் சுமையும் நீதிமன்றத்தின் தலையில் விழுகிறது. சட்டம் இதில் நோயாளிக்குச் சாதகமாகவே தொடங்குகிறது. 1963-ல் ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்குப் பின் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட பெண்ணின் வயிற்றில் மாப் தங்கியது. மறுபடி திறந்து எடுத்தும் சில நாளில் இறந்துபோனார். விசாரணை நீதிமன்றம் 36,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது, உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, உச்ச நீதிமன்றம் 1996-ல் திரும்ப நிலைநிறுத்தியது. மாப் உள்ளே இருந்ததே கவனக்குறைவுக்குச் சான்று. எந்த ஊழியரின் கை என்று சுட்ட முடியாவிட்டாலும் அரசு பொறுப்பு என்றது தீர்ப்பு. 'எந்த டாக்டர்?' என்ற கேள்வியை நீதிமன்றம் அன்றே தாண்டிவிட்டது. குடும்பத்துக்குத்தான் 33 வருடம் ஆனது.

இன்னொரு தீர்ப்பை அவ்வளவு நிம்மதியாகப் படிக்க முடியாது. 1993-ல் மும்பையில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட ஒரு பெண்ணுக்கு வலி நிற்கவே இல்லை. 2002-ல் சி.டி. எடுத்து, மறு அறுவையில் காஸ் வெளியே வந்தது. 2004-ல் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். நுகர்வோர் சட்டத்தில் காலக்கெடு இரண்டு வருடம். துணி தெரியவந்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்பது அவர் வாதம். 2010-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அறுவை முடிந்ததிலிருந்தே வலி இருந்திருக்கிறது. அவரே அரசு மருத்துவமனையில் அனுபவமுள்ள நர்ஸ். அப்போதே மருத்துவரிடம் போயிருக்க வேண்டும் என்று சொல்லி, காலம் கடந்த புகார் என்று தள்ளிவிட்டது. எந்த அறிகுறியும் இல்லாமல் உள்ளே கிடந்திருந்தால் அவர் வழக்கு தப்பியிருக்கும், வலித்ததால் தோற்றார். அறுவைக்குப் பின் வரும் வலியை "கேஸ்தான்", "ஒட்டல்தான்" என்று மருத்துவர்களே சொல்லி அனுப்பும் நாட்டில், வலியை எச்சரிக்கை மணியாகக் கேட்டிருக்க வேண்டியது நோயாளி என்பது எனக்குக் கடுமையாகப் படுகிறது.

எந்த வாசலுக்குப் போவது என்பதிலும் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. 1995-ல் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்த சாந்தா வழக்குத் தீர்ப்பு, எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளை வெளியே விட்டது. 2007-ல் கிஷோர் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம், இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் அந்த விலக்கில் வராது என்றது. தொழிலாளியின் சந்தா அங்கே கட்டணம். காக்களூர் தொழிற்பேட்டையிலோ கும்மிடிப்பூண்டியிலோ 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவர் அதில் முக்கால் சதவீதத்தை இ.எஸ்.ஐ.க்குக் கட்டுகிறார். அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் அவர் மனைவிக்கு அறுவை நடந்து துணி தங்கினால், அவர்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அதே தெருவில் கொத்தனார் வேலைக்குப் போகிறவரின் மனைவி இலவச அரசு மருத்துவமனைக்குப் போனவர் என்றால் அந்த வாசல் அவருக்கு மூடியிருக்கிறது. மனித உரிமை ஆணையம், சிவில் வழக்கு, உயர் நீதிமன்ற ரிட் என்று வேறு படிகளில் ஏற வேண்டும். இரண்டு பேருக்கும் பொதுவாக வேண்டியது அறுவைக் குறிப்பின் நகல். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்களின் நடத்தை விதியே 2002-லிருந்து சொல்கிறது.